பாதித் தலை

இடது பக்கம் முழுக்க முடிந்து, பின்னந்தலையும் முடிந்து, வலது பக்கத்தின் முதல் கொத்தைப் பிரித்தெடுத்து, முடியை நேராக்கும் மின்சார இடுக்கியின் வாயில் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. மின்விசிறி இன்னும் நாலு சுற்று சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று நின்றது. செலஸ்டினா கையை எடுக்கவில்லை. இடுக்கியில் சூடு கொஞ்ச நேரம் நிற்கும், அதற்குள் ஒரு கொத்தையாவது முடித்துவிடலாம் என்று இழுத்தாள். பாதி வரை நேராக வந்த கொத்து, நுனியில் அவளைப் பார்த்துக்கொண்டே மறுபடி சுருண்டுகொண்டது. ஃபியூஸா, நம் வீடு மட்டும்தானா என்று காதைத் தீட்டினாள். எதிர்வீட்டில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த மிக்சி நின்றுபோயிருந்தது. மாடி வீட்டு மோட்டார் நின்றுபோயிருந்தது. தெருவே நின்றுபோயிருந்தது. பத்தொன்பது வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டிய காதுக்கு, போனது ஃபியூஸ் இல்லை, இந்தப் பகுதிக்கே மின்சாரம் கொண்டுவரும் லைன் என்று தெரிய இரண்டு நொடி போதும். எந்த மடையன் இந்த நேரம் பார்த்து லைனை எடுத்தான் என்று சுறுசுறுவென்று வந்தது. தூத்துக்குடியில் இந்தப் பக்கத்துக்கு அவள்தான் உதவிப் பொறியாளர். அவளைக் கேட்காமல் ஒரு கம்பியில் காக்கா உட்காரக் கூடாது. போனை எடுத்து லைன் இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியைக் கூப்பிட்டாள். “என்ன பாண்டி, லைன் போயிருக்கு? மணி ஒம்பதுகூட ஆகல.” “ஒம்பது ஆயிட்டு மேடம். இன்னிக்கு ஷட்டவுன்லா.” “யாரு குடுத்தா ஷட்டவுன்?” பாண்டி குரலில் மரியாதையைக் கூட்டிக்கொண்டான். “நீங்கதான மேடம் கையெழுத்து போட்டிய. மாசாந்திரப் பராமரிப்பு. ஒம்பதுலேருந்து ரெண்டு வரைக்கும். பேப்பர்லகூட வந்திருக்கே மேடம்.”

பேப்பரில் வந்திருந்தது. சோபாவில் மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது. மூன்றாம் பக்கத்தில் இருக்கும், அவளுடைய தெருப் பெயர் இருக்கும், கீழே அவளுடைய பதவிகூட இருக்கும். ஊருக்கெல்லாம் முன்கூட்டியே மாவு அரைத்து வையுங்கள், தொட்டியை நிரப்பி வையுங்கள் என்று சொன்னவள் தன் தலையைத் தேய்த்து வைக்க மறந்துவிட்டாள். “அவசரம்னா சொல்லுங்க மேடம், வேலைய நிறுத்திட்டு அரை மணி நேரம் லைனை விட்டுருதேன்” என்றான் பாண்டி. நல்லவன். அவள் கேட்டால் விட்டுவிடுவான். ஒரே ஒரு கணம், ஒரு அரைக் கணம், அவள் யோசித்தாள். உதவிப் பொறியாளர் ஒருத்தியின் வலது பக்கத்து மயிருக்காக, பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிற ஆட்களை எல்லாம் கீழே இறக்கி, கம்பியில் மின்சாரத்தை விட்டு, மறுபடி ஏற்றி. “கம்பத்துல எத்தன பேரு?” “பன்னெண்டு பேரு.” “ஒரு அவசரமும் இல்ல. எல்லாவனும் பெல்ட் போட்டிருக்கானான்னு பாரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. மின்வாரியக்காரி வீட்டிலேயே இன்வெர்ட்டர் வைத்தால் ஊர்க்காரன் என்ன நினைப்பான் என்பது அவளுடைய கொள்கை. கொள்கை இப்போது கண்ணாடிக்கு முன்னால் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தது. பத்தரைக்கு மகளின் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். சிஸ்டர் பெனிட்டா, தலைமையாசிரியை, பத்தரை என்றால் பத்து இருபத்தைந்துக்கே கடிகாரத்தைப் பார்க்கிறவர்.

ஷட்டவுனை மறந்ததற்குக் காரணம் நேற்றைய சாயங்காலம். தோசைக் கல் அடுப்பில் இருந்தது. மகள் லியானா, ஒன்பதாவது படிக்கிறவள், சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு டைரியை நீட்டினாள். பெற்றோர் வரவும். ஆண்டுவிழா வெள்ளிக்கிழமை. மேடையில் நின்று நிகழ்ச்சிகளைத் தொகுத்துச் சொல்கிற பொறுப்பு அவளுக்கு. மூன்று மாதமாகக் குளியலறையில், மொட்டைமாடியில், சாப்பிடுகிற தட்டுக்கு முன்னால் எல்லாம் ‘பெருமதிப்பிற்குரிய’ என்று ஆரம்பித்து அவள் பேசிப் பேசி வீட்டுப் பல்லிக்குக்கூட மனப்பாடம். இப்போது பி.டி. மிஸ்ஸுக்கு அவள் தலை பிடிக்கவில்லையாம். மேடையில் நிற்கிறவள் பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டுமாம். இந்தத் தலை ஒழுங்கில் சேராதாம். ரெட்டைச் சடை அடங்காமல் வெளியே வந்து நிற்கிறது, அவளும் ஆறு மாதமாக எண்ணெய் வைத்து வழித்துக்கொள்ள மாட்டேன் என்று ஒரு கறுப்பு பேண்டைப் போட்டு மேலே தூக்கிக் கட்டி, உச்சியில் பொங்கி வழிகிற பொங்கல் பானையை வைத்துக்கொண்டு போகிறாள். மாற்றாவிட்டால் வேறு பெண். “சிஸ்டர் என்ன சொன்னாங்க?” என்று கேட்டுக்கொண்டே செலஸ்டினா தோசையைத் திருப்பினாள். “உங்கம்மாவப் பாரு, எவ்வளவு பெரிய ஆபீசர், எவ்வளவு நீட்டா வாராங்க, அவங்களப் பாத்துக் கத்துக்கன்னாங்க.” “நீ என்னட்டி சொன்ன?” “சரி சிஸ்டர்னேன்.” கால் ஆடிக்கொண்டே இருந்தது. “நான் ஒண்ணும் காட்டிக் குடுக்கல யம்மா. பயப்படாத.” கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருக்கலாம். சிநேகிதியின் ரகசியத்தைக் காப்பாற்றின மாதிரி, ரொம்பப் பிரியமாகச் சொன்னாள். தோசை கருகியது.

காட்டிக் குடுக்கல. பதினாலு வயசுப் பிள்ளை அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறது, எதிலிருந்து, அம்மாவின் தலையிலிருந்து. கண்ணாடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கம் ஆபீசர், தோள் வரை மழமழவென்று. வலது பக்கம் ஏழாம் வகுப்பு செலஸ்டினா. அவளை வகுப்பில் பம்பை என்பார்கள். பெஞ்சில் அவளுக்குப் பின்னால் யாரும் உட்கார மாட்டார்கள், போர்டு தெரியாது. வருஷக் கடைசியில் போட்டோ எடுக்க வந்த ஆள், கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, “அந்தப் பாப்பாவக் கடைசி வரிசைக்கு அனுப்புங்க டீச்சர், பின்னால நிக்கிற பிள்ளைக்கு மூஞ்சியே இல்ல” என்றான். கடைசி வரிசைக்குப் போனாள். படம் வந்தபோது பார்த்தால் பள்ளிக்கூடத்தின் பெயரில் இரண்டு எழுத்தை அவள் தலை சாப்பிட்டிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். சிரிப்பு வராதது இன்னொன்று. கணக்கு டீச்சர் ஒரு நாள் தன் பேனாவை அவள் தலையில் செருகிவிட்டு, குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, பேனா விழவில்லை பாருங்கள் என்று வகுப்புக்குக் காட்டினாள். நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். டீச்சர் செய்ததைக்கூட மன்னித்துவிட்டாள், டீச்சர் செத்தும் போனாள், ஆனால் தான் சிரித்தது மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. சரி, சரி, மணி ஒன்பது பத்து. யோசிக்க வேண்டியது பேனாவைப் பற்றி அல்ல.

வழி இல்லாமலா போகும். நகரத்தின் வயர்கள் எல்லாம் அவள் மண்டைக்குள் ஓடுகிறவை. பார்லருக்குப் போகலாம், பார்லர் இதே லைன். நாத்தனார் வீட்டுக்குப் போகலாம், அது துறைமுகம் பக்கத்து லைன், அங்கே மின்சாரம் கொட்டுகிறது, ஆனால் நாத்தனாரிடம் பாதித் தலையைக் காட்டினால் இரவுக்குள் இஸ்பிரித்து சாந்து தேவாலயத்துப் பாடகர் குழு முழுவதற்கும் தெரிந்துவிடும். ஆபீசில் ஜெனரேட்டர் இருக்கிறது. ஆபீசுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போய், பெண்கள் கழிப்பறையில் நின்று, ஜெனரேட்டரை ஓடவிட்டு, டீசல் செலவுக்கு என்ன காரணம் எழுதுவது. அவசரப் பணி. எந்தப் பணி. அப்படியே நினைத்து நினைத்து, தெருமுனையில் வண்டி போட்டிருக்கிற தேய்ப்புக்காரர் இசக்கிமுத்துவிடம் போய் நின்றது மனசு. அவருடையது கரி போடுகிற இஸ்திரிப்பெட்டி, மின்சாரத்துக்கும் அவருக்கும் ஒட்டு உறவு கிடையாது. அண்ணாச்சி, ரெண்டு சேலை, ஒரு சட்டை, அப்புறம் என் வலது பக்கம். இதைச் சிரிப்புக்காகத்தான் நினைத்தாள் என்றாலும் ஒரு காலத்தில் அது சிரிப்பு இல்லை. பதினேழு வயசில் அத்தை மகள் கொரெற்றி அவளை இஸ்திரி மேசையில் கன்னத்தை வைத்துப் படுக்கச் சொல்லி, முடிக்கு மேலே செய்தித்தாளை விரித்து, வீட்டுப் பெட்டியால் தேய்த்தாள். ரெண்டு பேரும் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும். தேய்த்து முடித்துக் காகிதத்தை எடுத்தால் வாசனை, பொசுங்கின கோழி இறகு வாசனை, கூடவே காது நுனியில் ஒரு கொப்புளம். கல்யாண வீட்டில் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு கூட்டத்தில் அவள் நடு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். காது எரிந்துகொண்டே இருந்தது. எரிச்சலும் சந்தோஷமும் ஒரே இடத்தில் இருந்ததால் இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அப்புறம் வேலை. முதல் நேர்காணலுக்கு முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்குத் தலையில் ஒன்றுமே இல்லை, அது அவர்களுடைய தகுதியைக் குறைக்கவும் இல்லை. நடுவில் இருந்தவர் அவள் சான்றிதழைப் பார்க்காமல் கொண்டையைப் பார்த்தார். “கம்பத்துக்குக் கீழ நிக்கிற வேலைம்மா. ஹெல்மெட் உள்ள போகுமா?” மூன்று பேரும் சிரித்தார்கள். கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் தேர்வில் பதினோரு மதிப்பெண் அதிகம், முடி நேர். கிடைத்தது. மதிப்பெண் கூடியதால் கிடைத்ததா, முடி குறைந்ததால் கிடைத்ததா. பத்தொன்பது வருஷமாக இந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்க்கிறாள். ஒரு பொறியாளருக்குத் தெரியும், ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றிவிட்டு எதனால் விளக்கு எரிந்தது என்று கேட்கக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதனால் தினமும் காலை ஐந்தேகாலுக்கு எழுந்து இடுக்கியைச் சொருகினாள். இன்றைக்கு மட்டும் ஆபீசுக்குத் தாமதமாக வர அனுமதி போட்டிருந்ததால், பாவி, நிதானமாக எட்டேகாலுக்கு ஆரம்பித்தாள். பதினைந்து நிமிஷம் முந்தியிருந்தால் முழு ஆபீசர். இடுக்கி என்பதுகூட அவள் வைத்த பெயர் இல்லை. வீட்டுக்காரர் டெரன்ஸ் வைத்தது. கப்பலில் இன்ஜினியர், இப்போது ஏதோ ஒரு கடலில் இருக்கிறார். கல்யாணமாகி மூன்றாம் நாள் அவள் தலைக்குக் குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்க, கதவைத் திறந்தவர் ஒரு கணம் நின்று, “மன்னிக்கணும், ரூம் மாறி வந்துட்டேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். திரும்பி வந்து, சிரித்து, இதை இப்படியே வை, இவளைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்றார். கட்டினவன் வேறு என்ன சொல்லுவான் என்று அதைத் தள்ளுபடி செய்துவிட்டு, மறுநாள் ஐந்தேகாலுக்கு எழுந்துகொண்டாள்.

ஒரே ஒருத்தி சொன்னதைத்தான் தள்ளுபடி செய்ய முடியவில்லை. பெங்களூரில் இரண்டு வாரப் பயிற்சி, நாலைந்து நாட்டு மின்பொறியாளர்கள். விடிகாலை, விடுதியின் பொதுக் குளியலறை, இருப்பதோ ஒரே பிளக். செலஸ்டினா இடுக்கியோடு போனால் அங்கே ஏற்கெனவே ஒரு இடுக்கி சொருகியிருக்கிறது. நைஜீரியாவிலிருந்து வந்த இஃபியோமா, நல்ல உயரம், தோளில் துண்டு, பாதித் தலையில் கை. காற்றில் அந்தக் கோழி இறகு வாசனை. இரண்டு பேரும் கண்ணாடிக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் ஊரிலுமா என்று இஃபியோமா ஆங்கிலத்தில் கேட்டாள், அவ்வளவுதான், இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் தன்னை முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள் என்றாள். வேலைக்கு வந்தபோது நேராக்கிக்கொண்டு வரச் சொல்லாமல் சொன்னார்கள் என்றாள். நேர்காணல் என்றால் எங்கள் வீட்டில் முதலில் தலையைத் தயார் செய்வோம், சான்றிதழை அப்புறம்தான் தேடுவோம் என்றாள். அதற்குப் பிறகு தினமும் முறை வைத்துக்கொண்டு அந்தப் பிளக்கைப் பங்கு போட்டார்கள். கடைசி நாள் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுக்கிற நாள். அன்று இஃபியோமா இடுக்கியைத் தொடவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து பொடிப் பொடியாக நூறு சடை பின்னி, அதைப் பின்னால் சேர்த்துக் கட்டி, நீலச் சட்டையில் ராணி மாதிரி வந்தாள். வா, நீயும் இன்றைக்கு விட்டுவிடு, இந்த ஊரில் உன்னை யாருக்குத் தெரியும் என்றாள். யாருக்கும் தெரியாத ஊரில்கூட அவளால் முடியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் இப்போது உட்கார்ந்திருக்கிற செலஸ்டினாவுக்கு முகம் சுட்டது. வெட்கம். நேராகச் சொன்னால் வெட்கம்தான். முடியைப் பற்றின வெட்கம் இல்லை, அது பழசு, அதோடு குடும்பம் நடத்திப் பழகிவிட்டது. இது புது வெட்கம்.

ஒன்பதே முக்கால். சுருட்டிக் கொண்டை போட்டுவிடலாம் என்று கடைசி யோசனை வந்தது. இடது பக்கத்து முடி இழுத்த இழுப்புக்கு வந்தது, வலது பக்கம் வரமாட்டேன் என்று காதுக்கு மேலே ஒரு மேடு கட்டி நின்றது. மேட்டை உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்ததும் எழுந்தது. அழுத்தினாள், எழுந்தது. இதே மாதிரிதான் ஆறு மாதத்துக்கு முன்னால் லியானாவின் தலையை அழுத்தினாள், எண்ணெய்க் கையோடு, பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது. வேணும்னா இடுக்கியால தேச்சு விடட்டுமாட்டி என்று கேட்டாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. “உனக்கு வலிக்காதா யம்மா?” “பழகிட்டு.” “அப்ப எனக்கு வேண்டாம்.” சண்டை இல்லை, சத்தம் இல்லை, கறுப்பு பேண்டை எடுத்துத் தானே கட்டிக்கொண்டு ஓடிப்போனாள். அப்ப எனக்கு வேண்டாம். அந்த ‘அப்ப’வைச் செலஸ்டினா அன்றைக்கு ஆபீசில் இரண்டு மின்மாற்றிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு யோசித்தாள், அப்புறம் வேலை வந்தது, விட்டுவிட்டாள். இன்றைக்கு அந்தப் பிள்ளைக்காகப் பேசப் போகிறோம். என்ன பேசுவது. சிஸ்டர், அவ முடி அப்படித்தான், அதுல அசிங்கம் ஒண்ணுமில்ல, என்று மழமழவென்ற தலையை வைத்துக்கொண்டு சொன்னால் சிஸ்டர் என்ன, நாற்காலிகூட நம்பாது. எழுந்துவிட்டாள். முடிவு ஒன்றும் எடுத்ததாக நினைவில்லை. குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. குனிந்து, முழுத் தலையையும், தேய்த்த பக்கம், தேய்க்காத பக்கம், பத்தொன்பது வருஷம் எல்லாவற்றையும் அதற்குள் விட்டாள். தண்ணீர் காதுக்குள் போனது. ஐயோ, ஜில்லென்று எவ்வளவு நன்றாக இருந்தது.

ஸ்கூட்டரை எடுக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் ஈரத் தலையைத் திணித்தால் திறக்கும்போது என்ன வெளியே வரும் என்று அவளுக்கே தெரியாது. ஆட்டோ பிடித்தாள். கடல் பக்கத்துச் சாலையில் போகச் சொன்னாள், அது சுற்று வழி என்று தெரிந்தே. உப்புக் காற்று இரண்டு பக்கமும் அடித்தது. இத்தனை வருஷமும் இந்தக் காற்றுக்குப் பயந்து வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஜீப்பில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்து உட்கார்ந்து, ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று காலையில் போனில் பார்த்து. இப்போது தலை காயக் காயப் பெருகுவது அவளுக்குத் தெரிந்தது. கழுத்தில் தட்டியது, கன்னத்தில் உரசியது, பக்கவாட்டுப் பார்வையில் கறுப்பாக எட்டி எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் பெரிதானது. போதும், இதற்கு மேல் வேண்டாம், என்று அதனிடம் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார். பார்க்கட்டும். பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய், நேர்காணல் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே பயம். ஆனால் பயத்துக்கு மேலே ஒரு குறுகுறுப்பும் இருந்தது, திருட்டுத்தனமாகப் படம் பார்க்கக் கிளம்பின மாதிரி. வழியில் ஒரு கம்பத்தில் அவளுடைய ஆட்கள் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பழக்கத்தில் தலையை வெளியே நீட்டி, பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தாள். போட்டிருந்தார்கள். மேலேயிருந்து ஒருவன் குனிந்து பார்த்தான், மேடத்தை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை, அதனால் சிரித்துக் கையசைத்தான். அவளும் கையசைத்தாள். பேசவேண்டியதை எல்லாம் வரிசையாக மனசில் அடுக்கினாள். மரியாதையாக, சுருக்கமாக, ஒரு அதிகாரி பேசுகிற மாதிரி. முதலாவது, சிஸ்டர். இரண்டாவது, சிஸ்டர்.

தலைமையாசிரியை அறையில் விசிறி ஓடவில்லை. சன்னல்களைத் திறந்து வைத்து, சிஸ்டர் பெனிட்டா ஒரு வருகைப் பதிவேட்டால் விசிறிக்கொண்டிருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, லியானா நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு பேண்ட், உச்சியில் பொங்கல், சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம். செலஸ்டினா வாசலில் நின்றதும் பிள்ளையின் கண் விரிந்தது. வாய் திறந்தது, மூடியது. சிஸ்டர் நிமிர்ந்து பார்த்து, அன்பாகத்தான், எல்லோரையும் கேட்கிற மாதிரிக் கேட்டார். “வாங்க, உக்காருங்க. நீங்க லியானாவுக்கு யாரு? சித்தியா? அவங்க அம்மாவைத்தானே வரச் சொல்லியிருந்தேன், வேலையோ?”

இப்படி ஒரு கதவு திறக்கும் என்று செலஸ்டினா நினைக்கவே இல்லை. ஆமாம் சிஸ்டர், சித்திதான், அக்காவுக்கு அவசர வேலை, நாளைக்கு வருவாள். எவ்வளவு சுலபம். ரெண்டு மணிக்குக் கரண்ட் வரும், நாளைக் காலை ஐந்தேகாலுக்கு எழுந்தால், அக்கா மழமழவென்று வந்து நின்று என்ன வேண்டுமானாலும் பேசுவாள். சிஸ்டருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஒருத்தியைத் தவிர. அவள் லியானாவைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தில் குற்றம் சாட்டுகிற பார்வை எதுவும் இல்லை. சொல்லிக்கோ யம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரித் தயாராக நின்றது, சிஸ்டர் பக்கம் லேசாகத் திரும்பி, ஆமாம் சிஸ்டர் சித்திதான் என்று சொல்லத் தயாராக உதட்டைக்கூட ஈரப்படுத்திக்கொண்டது. இன்னொரு தடவையும் காப்பாற்றப் போகிறாள். இதைப் பார்த்ததும் செலஸ்டினாவுக்கு அடுக்கி வைத்திருந்த முதலாவது, இரண்டாவது எல்லாம் போய்விட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது.

“அம்மாதான் சிஸ்டர்” என்றாள். “நாந்தான்.”

சிஸ்டர் விசிறுவதை நிறுத்தினார். அம்மாவின் தலையைப் பார்த்தார், மகளின் தலையைப் பார்த்தார், மறுபடி அம்மாவின் தலையைப் பார்த்தார். “அப்ப... போன மாசம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தது?”

“அதுவும் நாந்தான் சிஸ்டர். அது கரண்டு இருந்தப்ப.”

முதலில் சிரித்தது லியானா. சிஸ்டருக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தியும் மூக்கு வழியாக வந்துவிட்டது. சிஸ்டர் அவளை முறைக்கப் பார்த்தார், முறைப்பு பாதியிலேயே கலைந்தது. “தினமுமாம்மா?” என்றார். “தினமும் சிஸ்டர். ஒரு மணி நேரம். இவளும் அப்படி ஆகணும்னு எனக்கு இல்ல.” இவ்வளவுதான் பேச வந்தது. இதை அவள் அடுக்கி வைக்கவில்லை. “மேடைல நல்லாப் பேசுவா. அதுக்குத்தான அவள எடுத்தீங்க. எண்ணெய் வச்சாலும் அது இப்படித்தான் நிக்கும், வைக்காட்டியும் இப்படித்தான் நிக்கும். எனக்கும்தான். வெள்ளிக்கிழமை கரண்டு இருக்கும் சிஸ்டர், நான் கையெழுத்து போட மாட்டேன். ஆனா நான் இப்படியேதான் வந்து முன் வரிசைல உக்காருவேன்.” சிஸ்டர் பதிவேட்டின் மூலையை நகத்தால் நீவினார். வெளியே ஏதோ வகுப்பில் வாய்ப்பாடு கேட்டது. பிறகு பிள்ளையைப் பார்த்து, “அந்தப் பேண்டுக்கு மேல சிவப்பு ரிப்பன் கட்டணும். பூவா கட்டணும். பி.டி. மிஸ்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றார். “போ, ஒத்திகை ஆரம்பிச்சிருக்கும். மைக் இல்ல இன்னிக்கு, கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்.”

நடைபாதையில் அம்மாவும் மகளும் சேர்ந்து நடந்தார்கள். லியானா ஒரு தடவை, ஒரே ஒரு விரலால், அம்மாவின் காதோரச் சுருள் ஒன்றை இழுத்து விட்டுப் பார்த்தாள். அது துள்ளித் தன் இடத்துக்குப் போனது. “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு அரங்கத்தைப் பார்த்து ஓடினாள். பாதி தூரம் போனவள், மைக் இல்லாத நாளில் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரலில், இரண்டு பக்க வகுப்புகளும் திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினாள்.

“யம்மா! சாயந்தரம் வேன் வேண்டாம். நீயே வந்து கூட்டிட்டுப் போ. இப்படியே வா!”

வாரேன் என்று தலையை ஆட்டினாள், முடி மொத்தமும் கூடச் சேர்ந்து ஆடியது.